பச்சை வளையம்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
இருப்பிடம், பணி.
யு.எல். முப்பத்துநான்கு என்ற புரதத்துக்காக
திங்கட்கிழமைக்குள் நான் நிரப்பித் தர வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, துணிக்கடைகளுக்கு மேல் இரண்டாம் மாடி.
"நூத்தம்பது நூத்தம்பது, எத எடுத்தாலும் நூத்தம்பது"
எம்.சி. ரோட்டுக் குரல்
இருட்டறையின் கதவிடுக்கில் நுழைகிறது.
நான் லென்ஸுக்குள் இருக்கிறேன்.

செல்லின் நடுவே உட்கரு.
அதன் ஓரம் முழுக்க
யாரோ பச்சை மையால் ஒரே இழுப்பில் சுழித்தது போல
அந்தப் புரதம்.
உட்சவ்வில் கால் ஊன்றி நிற்கிறது.
தனியே விட்டால் நிற்காது.
முப்பத்தொன்று என்று ஒரு கூட்டாளி,
அது வராத நாளில்
இடம் தெரியாமல் செல்லெல்லாம் திரியும்.

வைரஸ் தன் கூட்டை உட்கருவுக்குள் கட்டிக்கொள்கிறது.
கட்டி முடித்த பிறகுதான் தெரிகிறது
வெளியே போகும் துளைகள் சின்னவை என்று.
அதனால் சுவரிடம் வருகிறது.
இந்தப் புரதம் சுவரைக் கொஞ்சம் இளக்கி
சுவரையே ஒரு போர்வையாகப் போர்த்தி விடுகிறது.
வெளிச்சுவரில் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு
கூடு நடந்து போகிறது.

புரதத்தைப் பிடுங்கிய வைரஸின் படம்
மேசையில் கிடக்கிறது.
உட்கரு நிறையக் கூடுகள்.
எல்லாம் தயார், ஒன்றும் நகரவில்லை.

போன் அதிர்ந்தது. ஜெரால்டு அண்ணன்.
எக்ஸ்பிரஸ் ரோடு, காசிமேடு பக்கம்,
டிரெய்லர் நின்று பத்தொன்பது மணி நேரம்.
"ஸ்கேனர் ரிப்பேராம்மே. முன்னாடி எவ்ளோ வண்டின்னே தெரியல."
கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.
சீல் நம்பர் தெரியும்.

படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.
கூட்டுக்குப் பசிக்காது.
கேட்டில் நிற்கும் புரதம் டீக்காசு கேட்காது.

"ஏன் ஒரு மாதிரி பேசுற?"
"ஒதட்டுல கொப்புளம். பல்லி எச்சம் பட்டுச்சு போல.
வெயில்ல கெடந்தா எனுக்கு எப்பவும் வர்றதுதான?"

எப்பவும் வருவது.
மேலுதட்டின் இடது ஓரம்,
ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவிலும் அதே இடம்.
மற்ற நாளெல்லாம் காதுக்கு உள்ளே
ஒரு நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடக்கும்.
வெயில், பட்டினி, விடிய விடிய கிளட்ச்.
எழுந்து அதே நரம்பு வழியே அதே உதட்டுக்கு.
அவன் பேசுகிற இந்த நிமிஷம்
அந்த உதட்டுச் செல்களில்
யாரும் சாயம் ஏற்றாத வளையங்கள்.

"நாளைக்கு ஸ்டெல்லாவ டிஸ்சார்ஜ் பண்றாங்க.
வண்டிய உட்டுட்டு நேரா ராயபுரம்தான்.
நாலு நாளாச்சு, பாப்பாவுக்கு இன்னும் ஒரு முத்தம் குடுக்கல நானு."

"அண்ணா, குடுக்காத."

ஹார்ன். பின்னால் இன்னொரு ஹார்ன்.

"என் புள்ளைக்கி நான் குடுக்கக் கூடாதா?"

"காஞ்சு பொருக்கு உதிர்ற வரைக்கும் வேணாம்.
கைய கழுவு, மாஸ்க் போடு, அப்புறம் தூக்கு.
உனக்கு அது கொப்புளம். அவளுக்கு..."

அவளுக்கு என்ன என்பதற்கு
என்னிடம் ஒரு அட்டவணை இருக்கிறது.
நாலு நாள் உடம்பில் அது எங்கெங்கே போகும் என்று.
போனில் வாசிக்கவில்லை.

"மூஞ்ச மூடிக்கினா
அப்பன்னு எப்டி தெரியும் அதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை.
"வண்டி நவுருது" என்றான்.
சரி என்றும் சொன்னானா,
ஏர் பிரேக் சீறலில் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வளையம் மங்கியிருந்தது.
விளக்கை அணைக்காமல் போனது என் தப்பு.
இருப்பிடம்: உட்கருவின் உட்சவ்வு.
பணி: வெளியே அனுப்புதல்.
எழுதிவிட்டு
மெடிக்கல் மூடுவதற்குள் ஒரு பெட்டி மாஸ்க் வாங்க
இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.